கதவு எண், தெரு, பகுதி, அடையாளம்

கமா போடத் தெரியாதவனுக்கெல்லாம் எதற்குப் பேனா என்று சவரிமுத்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத் திட்டினார். சத்தமாகத் திட்டவில்லை. உள்ளறையில் மனைவி பிலோமினா படுத்திருந்தாள். தூங்குகிறாளா, தூங்குகிற மாதிரி கிடக்கிறாளா என்பதைக் கட்டில்தான் சொல்ல வேண்டும், கட்டில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. திரை முழுக்கச் சங்கத்து விலாசங்கள். படுக்கையில் விழுந்துவிட்ட நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற சங்கம் அது. ஒரு வேன், ஒரு நர்ஸ், ஒரு டிரைவர், அவ்வளவுதான் சங்கம். எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகள் விலாசம் முழுவதையும் ஒரே கட்டத்தில் திணித்துவிடுகிறார்கள், ஊருக்குப் போகிறவன் பையில் துணி திணிக்கிற மாதிரி. அதைப் பிரித்து கதவு எண் தனி, தெரு தனி, பகுதி தனி, அடையாளம் தனி, பின்கோடு தனி என்று வைத்தால்தான் வேன் ஒரு பக்கமாகப் போய் ஒரு பக்கமாக வரும். இல்லையென்றால் காலையில் ஸ்ரீரங்கம், அப்புறம் காட்டூர், மறுபடி ஸ்ரீரங்கம், டீசலுக்கு எவன் கொடுப்பான். அதற்கு ஃபார்முலா இருக்கிறது. முதல் கமா எங்கே என்று கண்டுபிடி, அதற்கு முன்னால் இருப்பதை வெட்டி கதவு எண்ணில் போடு. அடுத்த கமா வரை தெரு. அதற்கடுத்தது வரை பகுதி. கடைசி ஆறு இலக்கம் பின்கோடு. நடுவில் மிஞ்சுகிறதெல்லாம் அடையாளம். கமா இருந்தால் நடக்கும். இவன் எழுதியிருப்பதைப் பார், காட்டூர் பாப்பாக்குறிச்சி ரோடு ரைஸ்மில் தாண்டி மூணாவது வீடு பச்சை கேட்டு நாய் இருக்கும். ஒரு கமா இல்லை. ஃபார்முலா கையை விரித்துவிட்டது. நாய்க்கு எந்தக் கட்டம்? ஆனால் நாயை விட முடியாது, நர்ஸைக் கடித்தால் யார் பதில் சொல்வது. ரைஸ்மில்லையும் பச்சை கேட்டையும் நாயையும் கையாலேயே அடையாளத்தில் ஏற்றினார். நாலு மணிக்குள் நாளைய பட்டியல் போக வேண்டும். நாளைக்கு வேன் மேலப்புதூர் பக்கம் வருகிறது. அவர் வீடும் மேலப்புதூர்தான்.

அதைத்தான் தமயந்தி காலையில் போன் போட்டுச் சொன்னாள். சங்கத்து நர்ஸ். முப்பது வயசுகூட இருக்காது, பேச்சு மட்டும் தலைமை கன்னியாஸ்திரி மாதிரி. "சார், நாளைக்கு உங்க பக்கம் வர்றோம். அம்மா பேரைச் சேர்த்துடுங்க. பேர் ஏறாம அந்த மாத்திரையை நான் கொடுக்கக் கூடாது சார், உங்களுக்கே தெரியும்." தெரியும். மார்ஃபின், அந்த மாத்திரைக்குப் பட்டியலில் பேர் வேண்டும், நர்ஸ் நேரில் பார்த்து எழுத வேண்டும், டாக்டர் கையெழுத்து வேண்டும், எல்லாம் தெரியும், புதிதாக வருகிறவர்களுக்கு அவரேதான் இதைச் சொல்லிக் கொடுப்பார். "பார்க்கிறேன்" என்றார். "போன தடவையும் பார்க்கிறேன்னுதான் சொன்னீங்க. அதுக்கு முன்னாடி தடவை மறந்துட்டேன்னீங்க." "வயசாச்சும்மா." "எடமலைப்பட்டி புதூர்ல ஒருத்தர் வீட்டு பின்கோடு ஒரு நம்பர் தப்புன்னு மறுபடி கூப்பிட்டீங்களே சார், அது மட்டும் எப்படி மறக்கல?" வைத்துவிட்டார். வாய்க்கொழுப்பு. ஆனால் பொய்யில்லை. அவர் எதை மறந்தார். வேலை பார்த்த பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் எந்த நட்டு எந்த ரேக்கில் என்று இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மறக்கவில்லை. ஏற்றவில்லை. இரண்டும் வேறு. இரண்டு தடவை வேன் இந்தப் பக்கம் வந்தது, மாதா கோயில் முனையில் திரும்பும்போது அதன் ஹாரன்கூடக் கேட்டது, அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு, காற்று அதிகமாக இருக்கிறது என்று பிலோமினாவிடம் சொன்னார். காற்றே இல்லை. அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத பொம்பளையா அவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள், மெட்ராஸ்காரனையும் பம்பாய்க்காரனையும் ஒரு அதட்டில் லைனில் நிறுத்தி வைத்த குரல், சமையலறையிலிருந்து கூப்பிட்டால் தெருவில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். இப்போது அந்தக் குரல் அறை வாசல் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. அவர்தான் எழுந்து போய்க் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவரை இந்தச் சங்கத்துக்கு அனுப்பியதே அவள்தான். ரிட்டயரான புதிதில், உக்காந்த இடத்துல உக்காந்து என் குழம்புல குத்தம் கண்டுபிடிக்கிறதுக்கு நாலு பேருக்கு உபயோகமா எதையாவது பண்ணுங்க, போங்க, என்று துரத்தினாள். போனார். முதல் நாளே அந்த விலாசங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பழைய எண் ஒருத்தன் முதலில் எழுதுவான், புதிய எண் ஒருத்தன் முதலில் எழுதுவான், இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு கோடு போட்டு மூன்றாவது ஆள் எழுதுவான். எதிரில் என்பான், பின்புறம் என்பான், எதன் எதிரில், இடித்துவிட்ட தியேட்டரின் எதிரில். ஒருத்தன் பின்கோடுக்குப் பிறகு போன் நம்பரையும் எழுதிவைக்க, கடைசி ஆறு இலக்கம் என்று ஃபார்முலா போன் நம்பரின் வாலை வெட்டிக்கொண்டுவந்து பின்கோடு கட்டத்தில் வைத்துவிட்டது. டிரைவர் காஜா மைதீன் வந்து நின்றான். "சார், வரகனேரி பாட்டியம்மாவுக்கு ராமநாதபுரம் பின்கோடு விழுந்திருக்கு. வண்டியை விட்டுரவா? அப்படியே ஏர்வாடி தர்காவுக்கும் போயிட்டு வந்துடுறேன்." அன்றைக்கு வீட்டில் அதைச் சொன்னபோது பிலோமினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான். அப்போது உடம்பில் எங்கும் ஒன்றும் இல்லை. மார்பில் வந்தது பிறகு. அறுத்து எடுத்தார்கள், முடி கொட்டியது, முளைத்தது, இரண்டு கிறிஸ்மஸ் நன்றாக இருந்தாள், கேக்கெல்லாம் செய்தாள். பிறகு இடுப்பு என்றாள். இடுப்புதானே என்றார் அவர். எலும்புக்கு வந்துவிட்டது என்றான் டாக்டர். போன மாதம் மேஜை மேல் பேனாவை வைத்துவிட்டு, இனி இங்கே அலைய வைக்காதீங்க, வீட்டிலேயே வைத்துப் பாருங்க, வலி வராமல் பார்த்துக்கலாம் என்றான். எவ்வளவு நாள் என்று கேட்டார். பார்க்கலாம் என்றான். அவர் தமயந்தியிடம் சொல்வதும் அதேதான், பார்க்கிறேன். பார்க்கலாம் என்று ஒருத்தன் சொன்னால் அவன் பார்த்துவிட்டான் என்று அர்த்தம்.

கட்டில் கிரீச்சென்றது. சவரிமுத்து கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தார். ஒரு தடவை என்றால் புரண்டு படுத்திருக்கிறாள். விட்டு விட்டு வந்தால் வலி. காத்திருந்தார். வந்தது. மறுபடி வந்தது. "பிலோ, மாத்திரை வேணுமா?" "அதான் போட்டாச்சே. பரவாயில்ல. நீங்க வேலையைப் பாருங்க." பரவாயில்லை. ஒரு வாரமாக எதற்கும் பரவாயில்லை. கஞ்சியில் உப்பில்லை, பரவாயில்லை. வெள்ளை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியும் நெற்றியில் வேர்க்கிறது, பரவாயில்லை. குழம்பில் ஒரு கல் உப்பு குறைந்தால் தட்டை நகர்த்தி வைக்கிறவள். அவளுக்கு வலிக்கிறது. அவருக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரிகிறது என்பது அவளுக்கும் தெரிகிறது. வேலைக்குத் திரும்பினார். ஸ்ரீரங்கம் கீழ உத்தர வீதி, ஒழுங்கான விலாசம், ஐயங்கார் வீட்டு விலாசம், எல்லா கமாவும் இருக்கிறது, ஃபார்முலா வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. அதற்குக் கீழே சங்கிலியாண்டபுரம் சாம்பலாக இருந்தது. நேற்று வரை வெள்ளையாக இருந்த வரி. கடைசிக் கட்டத்தில் நிலை என்று ஒன்று உண்டு, தொடர்கிறது என்று இருக்கும், ஒருநாள் தமயந்தி அங்கே முடிந்தது என்று அடிப்பாள், உடனே வரி முழுக்கத் தானாகச் சாம்பல் நிறமாகிவிடும். அப்படி ஆக வேண்டும் என்று சொல்லி வைத்தது அவர்தான். வேன் செத்த வீட்டு வாசலில் போய் நின்று ஹாரன் அடிக்கக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு வரிகூட, குணமாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்று இந்தப் பட்டியலிலிருந்து போனதில்லை. அந்த மாதிரிச் சொல்வதற்கு அவர் ஒரு நிறமே வைக்கவில்லை. வைக்கத் தோன்றவில்லை. ஏற்றினால் ஏற்றியதுதான். ஏற்றாமல் இருக்கிற வரைக்கும் அவள் இடுப்பு வலிக்காரி, அவ்வளவுதான், தெருவில் பாதிப் பொம்பளைகளுக்கு இடுப்பு வலி. முட்டாள்தனம். முட்டாள்தனம் என்று தெரிந்துதான் இருந்தது. முட்டாள்தனம் என்று தெரிந்தால் போய்விடுகிறதா. கட்டில் மறுபடி.

மணி மூன்றரை தாண்டிவிட்டது. பட்டியலின் அடியில் காலி வரி ஒன்று இருந்தது. எப்போதும் இருக்கும். அவர் பெயர்க் கட்டத்தில் கர்சரை வைத்தார், எடுத்தார், மின்விசிறியைக் குறைத்தார், தண்ணீர் குடித்தார், வந்து உட்கார்ந்தார். பெயரை விட்டுவிட்டு விலாசத்திலிருந்து தொடங்கினால் என்ன. விலாசம் விலாசம்தானே. அது யாருக்கும் ஒன்றும் செய்யாது. கதவு எண் கட்டத்தில் 18/6 என்று அடித்தார். பழைய எண் பதினெட்டு, புதிய எண் ஆறு. அடுத்த கட்டத்துக்குப் போனதும் அது ஜூன் பதினெட்டு ஆகிவிட்டது. இந்த இயந்திரத்துக்கு அந்தப் புத்தி உண்டு, இரண்டு எண்ணுக்கு நடுவில் ஒரு சாய்கோடு இருந்தால் அது தேதி என்று நினைத்துக்கொள்ளும், கேட்காமலே மாற்றிவிடும். எத்தனையோ வீடுகளை அப்படித் தேதியாக்கியிருக்கிறது, எத்தனையோ தடவை சலித்துக்கொண்டு திருத்தியிருக்கிறார். இன்றைக்குக் கை போகவில்லை. ஜூன் பதினெட்டு. இது பிப்ரவரி. மார்ச் ஏப்ரல் வெயில், மே வெயில், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், தெருவில் புது யூனிபாரம் மொடமொடவென்று போகும், பிலோமினா வாசலில் நின்று எந்தப் பிள்ளைக்கு யூனிபாரம் பெரிதாகத் தைத்திருக்கிறது என்று சொல்வாள். நிற்பாளா. அன்றைக்கு என்ன கிழமை. புதன், வியாழன், எதுவாக இருந்தால் என்ன. அந்த நாளில் இந்த வீட்டுக்குள் யார் இருப்பார்கள். அடுப்பை யார் பற்றவைப்பார்கள். அவர்தான். அவருக்கு மட்டும் கஞ்சி வைத்துக்கொண்டு, உப்பு போட்டோமா என்று யாரிடம் கேட்பார். இதுவரை அவர் நினைக்காமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த இடத்தில் இந்தத் தகரப்பெட்டி அவரைக் கழுத்தைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. டாக்டர் சொல்லாததை இது சொல்லுமா. இதற்கு என்ன தெரியும். கமா தெரியும், சாய்கோடு தெரியும், வேறு என்ன தெரியும் இதற்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி, இந்த வீட்டில் பெருக்குகிறவள் படுத்ததிலிருந்து ஒரே தூசி. ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை முன்னால் வைத்து எண்ணை மறுபடி அடித்தார். ஜூன் போயிற்று. பதினெட்டு சாய்கோடு ஆறு. கதவு எண். வெறும் கதவு எண்.

தெரு. பகுதி. பின்கோடு. மளமளவென்று போனது. அடையாளத்தில் நின்றது. ஆயிரம் வீட்டுக்கு அடையாளம் எழுதியவருக்குச் சொந்த வீட்டுக்கு அடையாளம் வரவில்லை. அவர் எப்போது இந்த வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார், கால் தானாக வந்துவிடும். காலியாக விடலாம். காஜாவுக்கு வீடு தெரியும். ஆனால் காஜா லீவு போட்டால்? வேறு டிரைவர் வந்து சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தால்? காலியாக விட்டவனைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும் என்று சங்கத்தில் எத்தனை தடவை கத்தியிருக்கிறார்.

"பிலோ."

"ம்."

"முழிச்சிருக்கியா?"

"இல்ல. தூக்கத்துல ம் சொல்றேன்."

"நம்ம வீட்டுக்கு அடையாளம் கேட்டா நீ என்ன சொல்லுவ?"

கட்டில் சத்தம்கூட இல்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் சொல்ல முடியாது.

"யார் கேக்குறா?" என்றாள்.

"வர்றவங்க."

"எங்கேருந்து வர்றவங்க?"

"வேன்ல. நாளைக்கு."

பதில் வந்தது, அந்தப் பழைய குரல் இல்லை, ஆனால் அதன் வளைவு இருந்தது. "முன்னாடின்னா முருங்கைமரம்னு சொல்லுவேன். கம்பளிப்பூச்சி வருதுன்னு நீங்கதான் வெட்டிப் போட்டீங்க."

"மரத்தை விடு. வேற சொல்லு."

"வாசல்ல ஒரு கிழவன் போறவன் வர்றவனையெல்லாம் முறைச்சிக்கிட்டு நிப்பான், அந்த வீடுன்னு போடுங்க. கண்ணு தெரியாதவன்கூட வந்துடுவான்."

"அதெல்லாம் போட முடியாதுடி."

"ஏன், கட்டம் சின்னதா?"

கட்டம் சின்னதில்லை. அவர் அடித்தார். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக. வாசலில் கிழவன் நிற்பான். முறைப்பான். பயப்பட வேண்டாம். கடைசி வார்த்தை அவள் சொன்னதில்லை, அவராகச் சேர்த்தது, ஏன் சேர்த்தார் என்று தெரியவில்லை, தமயந்தி சிரிப்பாள், சிரிக்கட்டும். பிறகு பின்னால் போய்ப் பெயர்க் கட்டத்தில் கர்சரை வைத்தார்.

"என் பேரை முழுசாப் போடுங்க," என்று உள்ளேயிருந்து வந்தது. "ஆஸ்பத்திரி சீட்டுல சவரிமுத்து மனைவின்னு போட்டிருக்கான். எனக்குன்னு ஒரு பேரு வச்சுத்தான் எங்கப்பா ஞானஸ்நானம் கொடுத்தாரு."

பிலோமினா. முழுதாக அடித்தார். நிலை என்ற கட்டத்தில் தொடர்கிறது என்று அடித்தார். அடித்துவிட்டு அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷமாக அந்தக் கட்டத்தில் ஏற்றிக்கொண்டே இருந்த வார்த்தை, அதைப் படித்ததில்லை. தொடர்கிறது. பின்கோடு வாரியாக வரிசைப்படுத்தச் சொல்லி அமுக்கினார், வரிகள் எல்லாம் ஒரு குலுக்கு குலுங்கி இடம் மாறின, அடியில் இருந்த வரியைக் காணோம். எங்கே போனாள். மேலே தேடினார், கீழே தேடினார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினார். மேலப்புதூர்க்காரர்களுக்கு நடுவில், கல்லறைத் தெரு நோயாளி ஒருவருக்கும் கான்வென்ட் பக்கத்து டீச்சர் ஒருத்திக்கும் இடையில் போய் உட்கார்ந்திருந்தாள், பஸ்ஸில் இடம் கிடைத்த மாதிரி. பக்கத்தில் ஆள் இருக்கிறது. தனியாக இல்லை. அது ஏன் ஆறுதலாக இருக்க வேண்டும், தெரியவில்லை, இருந்தது. அனுப்பினார்.

உடனே எழுந்து போக முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது, அல்லது பிடித்துக்கொண்டதாக வைத்துக்கொண்டார். தண்ணீர்ச் சொம்பை எடுத்து, அதில் தண்ணீர் இல்லை என்று பார்த்து, கீழே வைத்தார். பிறகு அறை வாசலுக்குப் போனார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஜாக்கெட்டின் முதுகு நனைந்திருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு இப்படி வேர்க்கிறது.

"அனுப்பிட்டீங்களா?"

"ம்."

"இனிமே அழிச்சிட மாட்டீங்களே?"

"மாட்டேன். தமயந்தி காலையிலேயே வந்துடுவா. மாத்திரை கொண்டாருவா."

அவள் ஒரு பெரிய மூச்சு விட்டாள். அவ்வளவு பெரிய மூச்சு அந்தச் சின்ன உடம்பில் எங்கே இருந்தது. தோள் தளர்ந்தது. முதுகு தளர்ந்தது. யாருக்காகவோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்ட மாதிரி உடம்பு முழுக்கக் கட்டிலில் இறங்கியது. யாருக்காக என்று அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"என்னங்க."

"சொல்லு."

"வலிக்குது. ரொம்ப வலிக்குதுங்க."

எப்போதிலிருந்து என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். கட்டிலருகே போய்க் குனிந்தார்.

"எங்க?"

அவள் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி அவர் கையைத் தேடினாள். பிடித்தாள். இடுப்புக்குக் கொண்டுபோனாள், கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள், கொஞ்சம் கீழே, இல்லை, இன்னும் கொஞ்சம், நிறுத்தினாள்.

"இங்க."

அங்கே சூடாக இருந்தது. அவர் அழுத்தவில்லை, தடவவில்லை, வைத்திருந்தார். கையை எடுக்காமலே காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.